பத்து நிமிஷ கரன்ட்

மதிவாணனைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஒரு நல்ல மனிதரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருக்கு நல்லது ஏதாவது செய்திருக்க வேண்டும். நான் செய்தது இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றது. அதில் அவர் மனைவி செத்துப்போனாள். தன்னால்தான் செத்தாள் என்று அவர் நம்பினார், ஊர் நம்பியது, அவர் பெற்ற மகளும் நம்பினாள். அப்படியில்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இதில் எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன், என் பெயரையும் சேர்த்து. கோழைகள் அப்படித்தான் எழுதுவார்கள்.

என்னை சத்யப்பிரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருக்கிறேன். அப்பா மைன்ஸில் பெர்மனன்ட். பிளாக் நம்பரையும் வீட்டு நம்பரையும் சொன்னால் போதும், எங்கள் வீட்டில் எத்தனை அறை, பின்னால் எத்தனை மரம் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். எல்லாம் வரிசைப்படி இருக்கிற ஊர்.

மதிவாணன் அந்த வரிசைக்கு வெளியே பிறந்தவர். கடைசி பிளாக்கைத் தாண்டி சைக்கிளில் ஐந்து நிமிஷம் போனால் முந்திரிக்கொல்லைக் காலனி. அறுபது வீடுகள். எவருக்கும் கொல்லை கிடையாது. பெயரில் மட்டும்தான் கொல்லை இருக்கிறது. அவர் அப்பா பெரியண்ணன் ஆயுசு முழுக்க அடுத்தவர் தோப்பில் முந்திரி பொறுக்கினவர். மகனை மட்டும் எப்படியோ ஐடிஐயில் சேர்த்து எலக்ட்ரீஷியன் ஆக்கினார். இருபத்தைந்து வயதில் மதிவாணன் ஒரு காண்ட்ராக்டரிடம் லைன்மேனாகச் சேர்ந்தார். காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், சட்டையின் நிறம் மாறியது, அவர் மட்டும் காண்ட்ராக்ட் லைன்மேனாகவே பத்தொன்பது வருஷம் இருந்தார். பெர்மனன்ட் லிஸ்ட் வருகிறது, வருகிறது என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார்கள். பொங்கல் மட்டும் வரும்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஃபியூஸ் போனால் அவர்தான் வருவார். அம்மா அவருக்கு டீ கொடுக்க என்று தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தாள். அது ஏன் தனியாக இருக்கிறது என்று நான் அம்மாவைக் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு அப்போதே நல்ல பயிற்சி இருந்தது. அவர் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வரேங்க டீச்சர்" என்று போவார்.

வேலையில் அவரைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. சப்ளை நின்றுவிட்டது என்று பத்து பேர் சத்தியம் செய்தாலும், கம்பியில் மிச்சமிருக்கிற கரன்டை மண்ணில் இறக்குகிற எர்த் ராடைப் போட்டுப் பார்க்காமல் கம்பியில் கை வைக்க மாட்டார். மழை அடித்து ஓய்ந்தால், லைன் போகிற வழியெல்லாம் நடந்து பார்த்துவிட்டுத்தான் திரும்ப சப்ளை கொடுப்பார். டார்ச்சும் குடையுமாக மூன்று கிலோமீட்டர் நடப்பார். அதற்குள் டவுன்ஷிப்காரர்கள் போன் போட்டுத் திட்டித் தீர்த்துவிடுவார்கள். "திட்டு வாங்கினா குளிச்சா போயிடுங்க. ஒரு கம்பி கீழ கெடந்து ஒரு புள்ள மிதிச்சா என்னா பண்றது?" என்பார்.

அவருடைய கல்யாணக் கதை காலனியில் பிரபலம். தாலி கட்டிய அன்று சாயங்காலம் காலனியில் கரன்ட் போய்விட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லைன் பார்க்கப் போனவர், ஒன்றரை மணி நேரம் கழித்து முள் கிழித்த காலோடு வந்தார். "நல்லவேளை, தாலி கட்டறதுக்கு முன்னாடி என்னையும் எர்த் ராடு போட்டுப் பாக்கல" என்று அவர் மனைவி செந்தாமரை ஆயுசு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் மதிவாணன் லைன் கொடுத்துவிட்டார் என்றால் காலனியில் கைக்குழந்தைகூட பயமில்லாமல் சுவிட்சைத் தொடலாம் என்பதும் அவள் சொன்னதுதான். அதைச் சிரிக்காமல் சொல்வாள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரன்ட் இங்கேயே தயாராகிறது, அதனால் அது சுலபத்தில் போகாது. புயல் வருகிறது என்றால் மட்டும் முன்கூட்டியே நிறுத்துவார்கள். புயல் முழுசாகக் கடந்து, லைன் பார்த்து, மேலேயிருந்து உத்தரவு வந்த பிறகுதான் திரும்பக் கொடுப்பார்கள். தானே புயலில் இந்த ஜில்லாவே படுத்துப்போனபோது, ஊருக்கு ஊர் விளக்கு எரிந்த அன்றைக்குத்தான் புயல் முடிந்தது என்று கணக்கு வைத்தோம். அப்போதிலிருந்து எங்களுக்கு ரேடியோ வேண்டாம், வானிலை அறிக்கை வேண்டாம். விளக்கு எரிந்தால் ஆபத்து போய்விட்டது, கதவைத் திறக்கலாம். மற்ற ஊரில் யாரும் இப்படி ஒரு நம்பிக்கை வைத்திருக்க மாட்டார்கள். கரன்டோடு வளர்ந்த எங்களுக்குத்தான் இந்தக் கிறுக்குத்தனம் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது. அதற்கு ஏதோ அழகான பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. கடற்கரை இங்கேயிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கரையேறிய புயல் எங்கள் தலைக்கு மேலாகப் போகும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தை முகாம் ஆக்கினார்கள். எனக்கும் வாட்ச்மேன் தனகோட்டிக்கும் முகாம் டியூட்டி. காலையிலேயே காலனி ஆட்கள் பாய், குண்டான், கைக்குழந்தைகளோடு வந்து சேர்ந்தார்கள். மதிவாணனுக்கு சப் ஸ்டேஷனில் டியூட்டி. செந்தாமரையும் பத்தாவது படிக்கிற மகள் இசைப்பிரியாவும் எங்கள் ஹாலில். இசை என் வகுப்பு மாணவி. வந்ததும் வராததுமாக எனக்கு உதவி செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு கரன்டை நிறுத்தினார்கள். ஒரு மணிக்கு மேல் வடக்கேயிருந்து காற்று அடித்த அடியில் பேச்சுக் குரல் கேட்கவில்லை. டவுன்ஷிப் முழுக்க மரம். அவை ஒவ்வொன்றாக முறிகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு ஒரு மனிதர் தொப்பலாக நனைந்து ஹாலுக்குள் ஓடி வந்தார். சின்னதுரை, மதிவாணனின் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். பைக்கில் போகும்போது வழியில் மரம் விழுந்து, அங்கேயே வண்டியைப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய போனும் நனைந்து செத்துவிட்டது.

நாலே முக்காலுக்குக் காற்று நின்றது. குறைந்து குறைந்து நிற்கவில்லை; ஒரேயடியாக நின்றது. மழையும் விட்டது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜனங்கள் ஜன்னலைத் திறந்தார்கள். மேகம் கருத்து, ஆறரை மணி போல இருட்டிக் கிடந்தது.

அப்போதுதான் விஜயகுமாரி என்ற பெண் என்னிடம் ஓடி வந்தாள். அவள் மூன்று வயது மகளுக்கு வீசிங். மத்தியானத்திலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது, இப்போது உதடு நீலமாகிவிட்டது. மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற நெபுலைசர் மெஷினை மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். மெஷின் இருக்கிறது, கரன்ட் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை முழுக்க மரம்.

நான் வராந்தாவின் மூலைக்குப் போய் மதிவாணனுக்குப் போன் போட்டேன். என் போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது, நல்ல நேரமோ கெட்ட நேரமோ, டவரும் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சர், இப்ப புயலோட நடுக்கண்ணு நம்ம தலைக்கு மேல போய்கினு இருக்குது," என்றார் மதிவாணன். "காத்து போவல. இன்னும் அரை மணி நேரத்துல தெக்க இருந்து திருப்பி அடிக்கும். மொத அடிய விட மோசமா அடிக்கும்னு கன்ட்ரோல் ரூம்ல சொல்லிக்கினு இருக்காங்க. யாரையும் வெளிய வுடாதீங்க."

"குழந்தை செத்துடும் போல இருக்கு, மதிவாணன். பத்து நிமிஷம் போதும்."

லைன் பார்க்காமல் சப்ளை கொடுப்பது அவர் பத்தொன்பது வருஷத்தில் செய்யாத காரியம். பள்ளிக்கூடமும் காலனியும் ஒரே லைன். பள்ளிக்குக் கொடுத்தால் காலனிக்கும் போகும்.

"காலனியில ஒரு ஆளும் இல்லையே? எல்லாரும் உள்ளதான இருக்காங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

"சரி. பத்து நிமிஷம் குடுக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர். ஆர்டர் இல்லாம குடுத்தேன்னு தெரிஞ்சா லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க. இந்தத் தடவ நெசமாவே வருதுன்னு சொல்றாங்க."

விளக்கு எரிந்தது. ஹாலில் ஒரு பெரிய கூச்சல் எழுந்தது, சந்தோஷக் கூச்சல். விஜயகுமாரி மெஷினைச் செருகி, குழந்தையின் மூக்கில் மாஸ்க்கை வைத்து அழுத்தினாள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தையின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்பட்டது. அந்த நேரத்தில் என்னைப்போல நிம்மதியான பிறவி உலகத்தில் இருந்திருக்காது.

ஜன்னல் பக்கம் நின்றவர்கள் கையைக் காட்டினார்கள். தூரத்தில் காலனியின் தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

சின்னதுரை என்னிடம் வந்தார். "டீச்சர், லைன் குடுத்துட்டாங்களே. ஆர்டர் வந்துடுச்சா? உங்களுக்கு யாராவது போன் பண்ணாங்களா?"

"தெரியலைங்க," என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் இரண்டு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். ஒரு குழந்தைக்காக நான்தான் கேட்டேன், பத்து நிமிஷம்தான், காற்று திரும்ப வரும் என்று சொல்லியிருந்தால் சின்னதுரை என்ன மதிவாணனைத் தூக்கிலா போட்டிருப்பார்? போட மாட்டார். அவரும் பிள்ளை பெற்றவர். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு மதிவாணனின் குரல் மட்டும்தான் காதில் இருந்தது. பேரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது. பெரிய நன்மை செய்கிற நினைப்பு எனக்கு.

"அப்ப ஆர்டர் வந்துடுச்சு," என்றார் சின்னதுரை, எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆர்டர் இல்லாம எங்க ஆளுங்க குடுக்க மாட்டாங்க. புயல் கடந்துடுச்சு."

ஜனங்கள் எழுந்தார்கள். வீட்டு ஷீட்டு இருக்கிறதா பறந்ததா, மாடு கிடக்கிறதா, பானையில் வைத்த அரிசி நனைந்ததா, எல்லாருக்கும் ஒரு கவலை இருந்தது. வாசலில் செருப்பைத் தேடினார்கள். தனகோட்டி என்னைப் பார்த்தார். கேட்டைத் திறக்கட்டுமா என்று அவர் கண்ணாலேயே கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரல் எனக்கு உண்டு. அதை அன்றைக்கு எடுக்கவில்லை. "தெரியலை" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே அவர் எதிரில் "தெரியும்" என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டேன். கூச்சம்! எழுதும்போது என் கையை நானே ஒடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கேட்டருகே முதல் ஆளாக வந்து நின்றது செந்தாமரைதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைக்கு ஒரு பாலிதீன் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டு ஆட்டையும் வூட்டுக்குள்ள கட்டிப் போட்டுட்டு வந்தேங்க டீச்சர். ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன். இசை, நீ டீச்சர்கூட இரு."

"காத்து திரும்ப வந்தா?" என்றேன். கேள்வியாகத்தான் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "நீங்க வேற. எங்கூட்டுக்காரரு லைன் குடுத்திருக்காரு. காத்து முழுசா போவாம அவரு குடுக்கவே மாட்டாரு. கொன்னாலும் குடுக்க மாட்டாரு. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா. தெரிந்த ஒரே ஆள் நான்தான். பக்கத்தில் சின்னதுரை நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டு, தயங்கி நின்ற நாலைந்து பேரும் அவள் பின்னால் கிளம்பினார்கள். மொத்தம் பதினாறு பேர் கேட்டைத் தாண்டினார்கள்.

பத்து நிமிஷம் ஆனதும் விளக்கு அணைந்தது. சொன்ன சொல் தவறாத மனிதர். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கேட்டுக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன். தனகோட்டி விசிலை ஊதிக்கொண்டே பாதி தூரம் ஓடினார். ஆறு பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் காலனிக்குள் போய்விட்டிருந்தார்கள். ஐந்து இருபதுக்குத் தெற்கேயிருந்து காற்று வந்தது. வடக்குக் காற்று அசைத்து வேரைத் தளர்த்தி வைத்த மரத்தையெல்லாம் தெற்குக் காற்று ஒரே தள்ளில் சாய்த்தது. தனகோட்டியை நாங்கள் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினோம். இசை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அம்மா, அம்மா என்று கத்தினாள். அவளைப் பிடித்து வைத்திருந்த கை என் கை.

காலனிக்குப் போனவர்களில் ஒன்பது பேர் அம்மன் கோயிலின் சிமெண்ட் கட்டடத்துக்குள் புகுந்து தப்பித்தார்கள். இரண்டு பேருக்குக் கை ஒடிந்தது. செந்தாமரை மட்டும் ஆடுகளை அவிழ்க்க வீட்டுக்குள் போயிருந்தாள். வீட்டின் மேல் தைலமரம் விழுந்தது.

பொழுது விடிந்ததும் மதிவாணன் லைன் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். சப் ஸ்டேஷனில் தொடங்கி, கம்பி போகிற வழியே, வழக்கம்போல ஒவ்வொரு போஸ்டாகப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். அவர் குடும்பம் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு. பதினேழாவது போஸ்ட் அவர் வீட்டுக்கு எதிரில். அங்கே அறுந்து கிடந்த கம்பியை எர்த் செய்துவிட்டுத் திரும்பியபோதுதான், விழுந்த மரத்துக்கு அடியில் பாலிதீன் பை சுற்றிய தலையைப் பார்த்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிளைகளைக் கையால் ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. "ரம்பம் எடுத்துகினு வாங்க, ரம்பம் எடுத்துகினு வாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணை வைத்தார்கள். உத்தரவு இல்லாமல் யார் லைன் கொடுத்தது என்று கேட்டார்கள். நான் வராந்தாவில் காத்திருந்தேன், கூப்பிட்டால் சொல்லிவிடுவது என்று. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என்னைக் கூப்பிடவேயில்லை. "கை தவறி சுவிட்சைப் போட்டுட்டேங்க. பத்து நிமிஷம் கழிச்சுத்தான் கவனிச்சேன்," என்று மதிவாணன் எழுதிக் கொடுத்துவிட்டார். கை தவறியதாம். அந்தக் கையா தவறும்? ஆனால் எல்லாரும் நம்பினார்கள். வேலை போயிற்று. பெர்மனன்ட் லிஸ்ட் அந்தப் பொங்கலுக்கு உண்மையிலேயே வந்தது, அவர் பெயர் இல்லாமல்.

அவர் என் பெயரைச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இசை வீட்டில் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். விளக்கைப் பார்த்துத்தான் அம்மா போனாள் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா சொன்னதை அவளும் பக்கத்தில் நின்று கேட்டவள்தானே. அவ்வளவு நம்பின பெண்சாதியைக் கை தவறிக் கொன்றுவிட்டார் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. சமைத்து மூடி வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள், பேச மாட்டாள். மதிவாணன் வடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். மத்தியானம் சத்திய ஞான சபைக்குப் போய் தருமசாலையில் சாப்பிட்டுக்கொள்வார். மகள் ஆக்கிய சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று யாரிடமோ சொன்னாராம்.

பேசாத மகள் என்னிடம் மட்டும் பேசினாள். அம்மா இல்லாத பெண் என்று நான் அவளை ஒட்டிக்கொண்டேனா, அவள் என்னை ஒட்டிக்கொண்டாளா தெரியாது. சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து படிப்பாள். நல்ல மார்க் எடுத்தாள். நான் அவளுக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறேன். விஜயகுமாரியின் குழந்தை இப்போது எங்கள் பள்ளியிலேயே யு.கே.ஜி. மணி அடித்ததும் என் காலைக் கட்டிக்கொள்ளும். எனக்குச் சோறு உள்ளே போகிறது, தூக்கம் வருகிறது, சம்பளம் வருகிறது. இழந்தவர் ஒருவர், பலனை அனுபவிக்கிறவள் நான்.

போன ஐப்பசியில் ஒரு நாள் இசை என்னிடம், "பிளஸ் டூ முடிஞ்சதும் நான் போயிடறேன் மிஸ். எங்கியாவது ஹாஸ்டல்ல இருந்து நர்சிங் படிச்சுக்கறேன். அப்பா மூஞ்சியப் பாத்துகினு என்னால அந்த வூட்ல இருக்க முடியல," என்றாள். அவரைக் கடைசி வரைக்கும் பார்க்க வர மாட்டாயா என்று கேட்டேன். "எதுக்கு மிஸ்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வடலூர் போனேன். முகூர்த்தம் இல்லாத நாள், மண்டபம் காலியாக இருந்தது. மதிவாணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது. அறுபது சொல்லலாம். என்னைப் பார்த்ததும் எழுந்து எனக்கு நாற்காலியைப் போட்டார்.

"இசைக்கு ஏதாவதுங்களா டீச்சர்?"

"இல்லை. நான்தான் ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தேன். விளக்கு கேட்டது நான் என்பதை முதலில் சொன்னேன்.

"போன் எனக்குத்தான வந்துச்சு. அது எனக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

அது இல்லை, வேறு ஒன்று என்றேன். சின்னதுரை கேட்டதையும் நான் "தெரியலை" என்றதையும் சொன்னேன். செந்தாமரை போகும்போது நான் பக்கத்தில் நின்றதைச் சொன்னேன். காற்று திரும்ப வரும் என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். கடைசியாக, அவள் சொல்லிவிட்டுப் போன வார்த்தையைச் சொன்னேன். அவருக்கு அதுவரை யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. இசை சொல்லியிருக்க மாட்டாள்.

"என்னா சொன்னா? திருப்பிச் சொல்லுங்க," என்றார்.

"காத்து முழுசா போகாம எங்கூட்டுக்காரரு லைன் குடுக்க மாட்டாரு. கொன்னாலும் குடுக்க மாட்டாருன்னு சொன்னாங்க."

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. நான் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே வந்தது. "அப்படியா சொன்னா? எல்லார் எதிர்லயுமா?" என்று கேட்டார். "எந்நேரமும் என்னைக் கிண்டல் பண்ணிகினு இருந்தவ." அவர் உதடு சிரிக்கக்கூடச் செய்தது. பிறகு அவள் சொன்னதன் மீதி அர்த்தம் அவருக்குப் புரிந்தது. மண்டபத்துப் படியில் மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மரத்தடியில் அழாத மனிதர், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதார். ரோட்டில் போன பஸ்காரர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ரொம்ப நேரம் கழித்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் டீச்சர்," என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"இசைகிட்ட நான் சொல்லிடறேன், மதிவாணன். இன்னைக்கே சொல்றேன். தப்பு என்மேலதான்னு தெரிஞ்சா அவ உங்ககிட்ட வந்துடுவா."

அவர் பதறி எழுந்தார். "வேணாம். வேணாங்க. சொல்லாதீங்க."

"ஏன்?"

"பரிச்சை வருது. அதுக்கு இப்ப நம்பிக்கையா இருக்கிற ஒரே ஆளு நீங்கதான். உங்க வூட்லதான் படிக்குது, உங்க வூட்லதான் சிரிக்குது. என்மேல இருக்கிற கோவம் அதுக்குப் பழகிப்போச்சு. எனக்கும் பழகிப்போச்சு. உங்களையும் பிடுங்கிட்டா அது எங்கங்க போவும்?"

"பரிச்சை முடிஞ்சப்புறம்?"

"அப்பயும் வேணாம். வாத்தியாரம்மா இப்படிப் பண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு யாரையும் நம்பத் தோணாது. அவங்க அம்மாவுக்குத்தான் நம்பி நம்பி இப்படி ஆயிடுச்சு. இதுவாவது ஒருத்தரை நம்பிகினு இருக்கட்டும். சத்தியம் பண்ணுங்க டீச்சர்."

ஒரு முறை என்னை வாயை மூடச் சொன்னார், மூடினேன். இரண்டாம் முறை சொன்னபோது நான் மீறியிருக்க வேண்டும். மீறினால் அவருக்கு மகள் கிடைப்பாள். மகளுக்கு நான் இல்லாமல் போவேன். மீறாவிட்டால் எனக்கு எதுவும் போகாது. அவர் சொன்னது நியாயம் என்று என்னை நானே நம்பவைத்துக்கொள்ள ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சத்தியம் செய்துவிட்டு ஸ்கூட்டியில் ஏறினேன். மன்னிப்பை நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

மறுநாள் இசை ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கடலூரில் ஒரு விடுதிக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போட வேண்டுமாம். படிவத்தை என் மேஜையில் விரித்து வைத்தாள். எல்லாம் அவளே அழகாகப் பூர்த்தி செய்திருந்தாள். தந்தை பெயர் இருந்தது, தாயார் பெயருக்கு முன்னால் "லேட்" என்று இருந்தது. கடைசியில் ஒரு இடம் காலி.

"இங்க அப்பா கையெழுத்துப் போடணும்மா," என்றேன்.

"அவரு வேணாம் மிஸ். பெற்றோர் அல்லது பாதுகாவலர்னுதான போட்டிருக்கு. நீங்க போடுங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அம்மாவின் முகம்தான், அதே நம்பிக்கையான கண். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தில் யாரும் இல்லை, சின்னதுரை இல்லை, யாருடைய வேலையும் போய்விடாது. பேனாவின் மூடியைக் கழற்றினேன். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

"தேங்க்ஸ் மிஸ்," என்று படிவத்தை இரண்டு கையாலும் எடுத்து, மை காய வேண்டும் என்று ஊதிக்கொண்டே வெளியே போனாள்.